வன்னி வெயிலில் டேர்போ கெப் இழுவை குறைவது ஏன்: கோன் பில்டர் வாங்க முதல் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியின் சாரம் இது: ஹைலக்ஸ் விகோ டபுள் கெப், 3.0 லீற்றர் 1கேடி டீசல் என்ஜின். விடியப்புறம் வவுனியாவில் லோட் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டால் நன்றாக இழுக்கிறது. மத்தியானம் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போது இழுவை குறைகிறது, அக்சிலேற்றரை அமத்தினால் கறுப்புப் புகை. எயார்பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பெட்டி இல்லாமல் திறந்து நிற்கும் கூம்பு வடிவக் கோன் பில்டர் போடச் சொல்கிறது கராஜ். ரேடியேற்றருக்கு முன்னால் பெரிய இன்டர்கூலர் (டேர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் தகட்டுப் பெட்டி) போடலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். எதைச் செய்வது?

இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் வாகனத்தில் முதலில் பார்க்க வேண்டியவை இன்டர்கூலருக்கு மேலுள்ள ரப்பர் சீலும், டேர்போவுக்கு (என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி) பின்னால் உள்ள ஹோஸ்களும். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். கணக்குத் தெரிந்தால் யார் எதை விற்க வந்தாலும் நீங்களே தீர்மானிக்கலாம்.

வெளியில் 35 பாகை வெயில் என்று வையுங்கள். ஒழுங்கான குழாய் வழியாக வரும் காற்று 37 பாகை அளவில் டேர்போவுக்குள் போகும். டேர்போ அதை வளிமண்டல அமுக்கத்தின் இரு மடங்காக, அதாவது ஒரு பார் பூஸ்டுக்கு (வளிமண்டலத்துக்கு மேலதிகமான அமுக்கம்) அமுக்கும்போது, டேர்போவில் காற்றை அமுக்கும் பகுதியான கொம்பிரசரின் திறன் 70 வீதம் என்று எடுத்தால், வெளியே வரும் காற்று 134 பாகை. வெளிக்காற்றைவிடக் கூடிய அந்தச் சூட்டில் 70 வீதத்தை இன்டர்கூலர் எடுத்துவிட்டால் என்ஜினுக்குள் போவது 65 பாகைக் காற்று. இதுதான் நல்ல நிலை.

பெட்டியைக் கழற்றிப் பொனட்டுக்குள் கோன் பில்டர் போட்டால், டேர்போ இழுப்பது 60 பாகை அனல் காற்று. கொம்பிரசருக்குப் பிறகு அது 164 பாகை. இன்டர்கூலர் நன்றாக இருந்தால் 74 பாகைக்கு இறங்கும். 9 பாகை கூட, அதாவது ஏறத்தாழ 2.5 வீதம் காற்றுக் குறைவு.

இனி மற்றப் பக்கம். உள்ளெடுக்கும் குழாய் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் இன்டர்கூலரின் மேல் சீல் கிழிந்து, அது 50 வீதச் சூட்டைத்தான் எடுக்கிறது என்றால், என்ஜினுக்குள் போவது 84 பாகை. காற்று 5 வீதத்துக்கு மேல் குறைகிறது. இரண்டு பிழையும் சேர்ந்தால் 100 பாகை, 9 வீதம் குறைவு. கிழிந்த ஒரு ரப்பர் துண்டு, கோன் பில்டர் செய்யும் கேட்டைவிட இரண்டு மடங்கு கேடு செய்கிறது என்பதைக் கவனியுங்கள். டேர்போ என்ஜினில் ஈ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பூஸ்ட் அளவைப் பார்த்து டேர்போவைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கும். ஆனால் பூஸ்ட் சரியாக இருந்தும் காற்றுச் சூடாக இருந்தால் அதற்குள் ஒட்சிசன் குறைவு. பூஸ்ட் மீற்றர் இதைக் காட்டாது.

ஆகவே அளந்துவிட்டுத் தொடங்குங்கள். வாகனக் கணினியின் தரவைப் படிக்கும் ஓ.பி.டி. புளூடூத் அடப்டர் ஒன்றும் போனில் ஒரு செயலியும் போதும். பார்க்க வேண்டியது மூன்று: உள்ளெடுக்கும் காற்றின் வெப்பநிலை, மனிபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்) அமுக்கம், எயார்புளோ சென்சர் காட்டும் ஒரு செக்கனுக்கான காற்றின் கிராம் அளவு. ஒன்றை மறக்கவேண்டாம்: எயார்புளோ சென்சரோடு சேர்ந்திருக்கும் வெப்பநிலை சென்சர் டேர்போவுக்கு முன்னால் இருப்பது. அது காட்டுவது பில்டர் பக்கத்துக் காற்றை மட்டும். இன்டர்கூலருக்குப் பிறகு உள்ள காற்றைப் பார்க்க மனிபோல்ட் பக்கத்தில் தனிச் சென்சர் இருக்க வேண்டும். செயலியில் அது வராவிட்டால், இன்டர்கூலரிலிருந்து வெளியேறும் குழாயின் வெளிப்பக்கத்தில் மெல்லிய வயர் முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானியை ஒட்டி, மேலே ஸ்பொஞ்ச் சுற்றிக் கட்டலாம். உண்மை வெப்பநிலையைவிடச் சிறிது குறைத்துக் காட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட அது போதும்.

ஓட்டிப் பார்க்க மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையிலான ஏ9 துண்டு நல்லது, நேராகவும் சமதரையாகவும் கிடக்கும். ஒரே லோட், ஒரே நேரம், ஒரே கியர், சட்ட வேகத்துக்குள். 60 கிலோமீற்றர் வேகத்தில் டேர்போவுக்கு முன் சென்சர் வெளிக்காற்றைவிட 3 முதல் 8 பாகை கூடக் காட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 15, 20 பாகை கூடக் காட்டினால் பொனட்டுக்குள் இருந்து எங்கேயோ அனலை இழுக்கிறது. பெண்டருக்குள் (முன்சில்லுக்கு மேலுள்ள தகடு) போகும் குழாய் கழன்று கிடக்கும், அல்லது முன்னர் எப்போதோ பற்றரி மாற்றியவர் திரும்பப் பூட்டாமல் விட்டிருப்பார். அதைத் திரும்பப் போடுவதற்குச் செலவே இல்லை.

கோன் பில்டரைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் வன்னியில் அது சூட்டுப் பிரச்சினையைவிடப் புழுதிப் பிரச்சினை. சோழகக் காற்று வீசத் தொடங்கிய பிறகு கிறவல் வீதியில் ஒரு டிப்பருக்குப் பின்னால் போனால் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அந்தச் செம்புழுதி மாப்போல மெல்லியது, ஆனால் அதற்குள் இருப்பது கல்லுத்தூள். எண்ணெய் தடவிய பருத்திக் கோன் பில்டர்கள் காற்றை இலகுவாக விடும் என்பது உண்மைதான். மெல்லிய தூளையும் அதேபோல் விடும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். டேர்போவின் கொம்பிரசர் சில்லு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் தூள் பட்டுப் பட்டு இலைகளின் விளிம்பு தேய்ந்துபோகும். அதைத் தாண்டிப் போகும் தூள் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அராவும். போதாததுக்கு, பில்டரில் எண்ணெய் கூடிவிட்டால் எயார்புளோ சென்சரின் மெல்லிய கம்பியில் படிந்து, அது காற்றைப் பிழையாகக் கணக்கிடும். இந்த மண்ணில் வேலை செய்யும் ஒரு கெப்புக்குக் கம்பனிப் பெட்டியும் கடதாசி பில்டரும்தான் சரி.

அந்தக் கடதாசி பில்டரையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். சிறுபோக அறுவடைக் காலத்தில் வயல் பக்கம் போய் வருகிற வாகனத்தின் பெட்டியைத் திறந்தால், அடியில் பதரும் வைக்கல் துண்டும் ஒரு பிடி கிடக்கும். மடிப்புகளுக்குள் செம்மண் இறுகியிருக்கும். சுத்தம் செய்வதென்றால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, 2 பாருக்குக் குறைவான அமுக்கத்தில், ஊதும் முனையை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஊதுங்கள். ரயருக்குக் காற்றடிக்கும் முழு அமுக்கத்தில் கிட்டவைத்து ஊதினால் கடதாசியில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். நிலத்தில் தட்டவும் கூடாது, விளிம்பு நெளிந்துவிடும். கழுவவே கூடாது. ஊதிய பிறகு உள்ளே ஒரு டோர்ச்சை வைத்து இருட்டில் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் நேராகத் தெரிந்தாலும் அந்த பில்டர் குப்பைக்கு. இரண்டு முறை ஊதிப் பாவித்த பில்டரை மூன்றாம் முறை ஊதாமல் மாற்றிவிடுவது என் கருத்து. பில்டரின் விலையையும் டேர்போவின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பில்டருக்குப் பின்னால் உள்ள சுத்தப் பக்கத்துக் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கறுப்பு எண்ணெய்ப் பசை சிறிது இருந்தால் அது என்ஜின் மூச்சுக்குழாயிலிருந்து வருவது, பெரிய விடயமில்லை. விரலில் செம்மண் வந்தால் பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை அல்லது பில்டரின் ரப்பர் விளிம்பு மடிந்திருக்கிறது. மலிவான பில்டர்களில் இந்த விளிம்பு ஒரு மில்லிமீற்றர் மெல்லியதாக இருந்தாலே போதும், கிளிப் எல்லாம் இறுகும், சீல் ஆகாது. விளிம்பில் மெல்லிதாகக் கிறீஸ் பூசிப் பூட்டி, ஒரு கிழமைக்குப் பிறகு திறந்து பாருங்கள். கிறீஸ் முழுச்சுற்றும் ஒரே மாதிரி அழுந்தியிருக்க வேண்டும். ஒரு இடத்தில் புழுதிக் கோடு குறுக்கே போயிருந்தால் அதுதான் வழி.

பில்டர் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர்க் குழாயால் அளக்கலாம். தெளிவான பிளாஸ்டிக் குழாய் 3 மீற்றர் எடுத்து, ஒரு பலகையில் யூ வடிவில் கட்டி, பாதிவரை நிறம் கலந்த தண்ணீர் விடுங்கள். ஒரு முனையை பில்டருக்கும் டேர்போவுக்கும் இடையில் உள்ள குழாயில் ஒரு சிறிய இணைப்பால் பூட்டுங்கள், மற்ற முனை திறந்திருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் பலகையை நிமிர்த்திப் பிடிக்க, லோட்டோடு முழுதாக அமத்தும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10 சென்ரிமீற்றர் என்றால் ஒரு கிலோபஸ்கால் தடை. டீசல் என்ஜின்களில் பொதுவாக 60 சென்ரிமீற்றர் அளவில் பில்டரை மாற்றிவிட வேண்டும். குழாயைக் குட்டையாக எடுத்தால் டேர்போ தண்ணீரையே குடித்துவிடும். அதனால் இணைப்புக்கும் யூ குழாய்க்கும் இடையில் ஒரு வெற்றுப் போத்தலைப் பொறியாக வையுங்கள், தவறி ஏறும் தண்ணீர் அதற்குள் விழும்.

இந்த அளவீடு இன்னொன்றையும் சொல்லித்தரும். புதுப் பில்டரோடு 20 சென்ரிமீற்றர்தான் வருகிறது என்றால், பெட்டியை முழுதாக எறிந்தாலும் நீங்கள் பெறக்கூடிய உச்ச இலாபம் அந்த 2 கிலோபஸ்கால் மட்டும். டேர்போ அதைத் தானே ஈடுசெய்துவிடும். கோன் போட்டபின் வாகனம் பறக்கிறது என்பவர்கள் கேட்பது டேர்போவின் சத்தத்தை.

இனிக் கறுப்புப் புகைக்கு வருவோம். எயார்புளோ சென்சர் பில்டர் பக்கத்தில் காற்றை எண்ணிவிடுகிறது. அந்த எண்ணிக்கைக்குத்தான் ஈ.சி.யு. டீசலுக்கு எல்லை வைக்கிறது. டேர்போவுக்குப் பிறகு ஒரு ஹோஸ் வெடித்திருந்தால், எண்ணப்பட்ட காற்றில் ஒரு பகுதி என்ஜினுக்குப் போகாமல் வெளியே போகும், டீசல் மட்டும் முழுதாகப் போகும். அதுதான் புகை. காலையில் ரப்பர் இறுகி வெடிப்பு மூடியிருக்கும். மத்தியானம் இளகி, பூஸ்ட் ஏறும்போது வாய் திறக்கும். உங்கள் வாகனம் வெயிலில் மட்டும் புகைப்பதற்கு என் முதற் சந்தேகம் இதுதான். ஹோஸின் வளைவின் உள்பக்கத்தில், கையால் மட்டும் தொடக்கூடிய இடத்தில், எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டிய கறுப்புத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

உறுதிப்படுத்த அமுக்கச் சோதனை செய்யுங்கள். எயார்புளோ சென்சருக்குப் பின்னால் டேர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அதன் வாய்க்குப் பொருந்தும் பி.வி.சி. மூடியைச் செருகிக் கிளிப்பால் இறுக்குங்கள். மூடியின் நடுவில் 11.5 மில்லிமீற்றர் துளை போட்டு, சாதாரண டியூப் இல்லாத ரயரின் வால்வை இழுத்துப் பூட்டியிருக்க வேண்டும். என்ஜின் மூச்சுக்குழாய் இந்த ஹோஸில்தான் வந்து சேரும். அதைக் கழற்றி இரண்டு வாயையும் அடையுங்கள். மறந்தால் காற்று முழுக்க ஒயில் அறைக்குள் போய், ஒயில் சீல்களைத் தள்ளிவிடும். பிறகு ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரால் மெதுவாக 10 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூடிக்கு நேரே முகத்தைக் கொண்டு போகவும் வேண்டாம், கிளிப் வழுக்கினால் மூடி பறந்து வரும். சவர்க்காரத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும், இன்டர்கூலரின் தலையும் நடுப்பகுதியும் சேரும் விளிம்பிலும் விசிறுங்கள். நுரை கொப்பளிக்கும் இடம் கசிவு. சைலன்சர் பக்கம் மெல்லிய சீறல் கேட்டால் பயப்பட வேண்டாம், ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வுகள் திறந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

வெடித்த ஹோஸுக்கு டேப் சுற்றுவது வீடு போய்ச் சேர மட்டும். மாற்றும்போது நான்கு படைத் துணி வைத்த சிலிக்கன் ஹோஸ், பூஸ்ட் பக்கத்துக்கு டீ-போல்ட் கிளிப். உள்ளே எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிக்கன் வழுக்கும், ஆகவே குழாய் வாயைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டுங்கள். உட்சுவரில் எண்ணெய் தாங்கும் படை உள்ளதைக் கேட்டு வாங்கினால் நீண்டநாள் நிற்கும்.

இப்போது இன்டர்கூலர். விகோ 3.0 இல் அது என்ஜினுக்கு மேலே படுத்திருக்கிறது, பொனட்டில் உள்ள ஸ்கூப் வழியாகத்தான் அதற்குக் காற்று. ஸ்கூப்புக்கும் இன்டர்கூலருக்கும் இடையில் சுற்றிவர ஒரு ரப்பர் அல்லது ஸ்பொஞ்ச் சீல் இருக்கும். என்ஜின் சூட்டில் வருடக்கணக்கில் கிடந்து அது கல்லாகும், பிறகு துண்டு துண்டாக உதிரும். அதன்பின் ஸ்கூப்பால் வரும் காற்று இன்டர்கூலரின் தகடுகளுக்குள் புகாமல், தடை குறைந்த வழியான பக்கங்களால் ஒழுகிப்போகும். சீல் பிடிக்கிறதா என்று பார்க்க, அதன் மேல் விளிம்பு முழுக்கச் சுண்ணக்கட்டி பூசிப் பொனட்டை மூடித் திறவுங்கள். பொனட்டின் கீழ்ப்பக்கத்தில் கோடு அறாமல் முழுச்சுற்றும் பதிந்திருக்க வேண்டும். அறுந்த இடத்தில் இடைவெளி. கம்பனிச் சீல் கிடைக்காவிட்டால், கதவுக்குப் போடும் வெற்றுக்குழல் ரப்பர் அல்லது சூடு தாங்கும் மூடிய துளை ஸ்பொஞ்ச் பட்டியை, இடைவெளியைவிட 5 மில்லிமீற்றர் கூடிய தடிப்பில் ஒட்டலாம். கதிரைக்குப் போடும் சாதாரண ஸ்பொஞ்ச் தண்ணீர் குடித்துச் சில மாதத்தில் சிதைந்து, துகள் தகடுகளுக்குள்ளேயே போய் அடைக்கும்.

தகடுகளை வெளியிலிருந்து கழுவும்போது சேர்விஸ் ஸ்டேஷனின் அமுக்கத் துப்பாக்கியைக் கிட்ட வைக்க விடாதீர்கள். மெல்லிய அலுமினியம், ஒரு வீச்சில் மடிந்து சுவர்போல ஆகிவிடும். கழற்றி எடுத்து, கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, தோட்டத்து ஹோஸ் தண்ணீரால், வந்த வழியே திருப்பித் தள்ளுவதுதான் முறை. உள்பக்கத்தில் எண்ணெய் தேங்கியிருந்தால் அது சூட்டைக் கடத்த விடாது. மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி ஊற்றி, பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு முழுதாகக் காய்தல். இந்தக் கடைசிப் படியில் அவசரப்பட்டால் பெரிய ஆபத்து. உள்ளே மிஞ்சிய மண்ணெண்ணெயை டீசல் என்ஜின் எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை மூடினாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும். ஒரு நாள் வெயிலில் இரண்டு வாயும் கீழ்நோக்க வைத்துக் காயவிடுங்கள். கழுவிய பிறகும் சில வாரத்தில் எண்ணெய் தேங்கினால், டேர்போவின் சீலையும் மூச்சுக்குழாயையும் பார்க்க வேண்டிய நேரம்.

இன்டர்கூலர் கழன்றிருக்கும்போதே மனிபோல்ட் வாயை எட்டிப் பாருங்கள். 1கேடியில் ஈ.ஜீ.ஆர். (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் அமைப்பு) கரியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து தார்போலப் படிந்து வழியைச் சுருக்கிவிடும். கழற்றிச் சுத்தம் செய்தால்தான் போகும், மேலால் விசிறும் ஸ்பிறேயை நம்பி இருக்கவேண்டாம். எயார்புளோ சென்சருக்கு அதற்கென்றே உள்ள ஸ்பிறே மட்டும். துணியோ பஞ்சோ தொடக்கூடாது.

முன்னால் போடும் பெரிய இன்டர்கூலர் பந்தயக்காருக்கு நல்ல சாமான். லோட் இழுத்து ஏசி போட்டு ஓடும் கெப்பில் அது ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் முன்னால் நின்று மறைக்கும். காற்றைக் குளிர்விக்கப் போய் என்ஜின் தண்ணீரைச் சூடாக்கிக்கொள்வீர்கள். குழாய் நீளும், மூட்டுகள் கூடும், ஒவ்வொரு மூட்டும் இன்னொரு கசிவுக்கு இடம். சீலும் ஹோஸும் சரிசெய்த பிறகும், ஓட்டத்தில் மனிபோல்ட் வெப்பநிலை வெளிக்காற்றைவிட 40 பாகைக்கு மேல் நின்றால், அதே இடத்தில் உட்காரும் தடித்த இன்டர்கூலரைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை அந்தக் காசை வைத்திருங்கள். இன்டர்கூலருக்குத் தண்ணீர் விசிறும் பம்ப் வேலை செய்யும், ஆனால் நம் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு தகடுகளிலும் ஏறும். மழைத்தண்ணீர் சேமித்து விட முடியாதென்றால் அதை விட்டுவிடுங்கள்.

கனடாவில் இருக்கும் மச்சானின் மினி கூப்பர் எஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2006 வரை வந்த முதற் தலைமுறையில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், இன்டர்கூலரும் உங்களுடையதைப் போலவே பொனட் ஸ்கூப்புக்குக் கீழே. சீல், இரண்டு பக்க ரப்பர் இணைப்பு எல்லாம் அதே சோதனைதான். வித்தியாசம் என்னவென்றால், அது பெல்ட்டில் சுற்றுவது, ஒரு சுற்றுக்கு இவ்வளவு கனவளவு என்று அளந்து தள்ளும். டேர்போபோல வேகத்தைக் கூட்டி ஈடுசெய்யாது. அதனால் 37 பாகைக்குப் பதில் 60 பாகைக் காற்றை இழுத்தால் 7 வீதக் காற்று நேரடியாகப் போய்விடும். பெட்றோல் என்ஜின் என்பதால் சூடான காற்று தட்டலை (எரிபொருள் தானாகவே பற்றி வெடிப்பது) உண்டாக்கும், ஈ.சி.யு. தீப்பொறியைப் பின்தள்ளும், அதிலும் இழுவை போகும். அவருக்குக் குளிர்ந்த காற்றுக் குழாய் உண்மையிலேயே பயன் தரும். சிறிய கப்பி (பெல்ட் சுற்றும் சில்லு) போட்டு பூஸ்ட் கூட்டுவதை இன்டர்கூலரைச் சரிபார்த்த பிறகு யோசிக்கச் சொல்லுங்கள், அந்த வகைச் சார்ஜரை வேகமாகச் சுற்றினால் சூடுதான் முதலில் ஏறும்.

உங்கள் கெப்புக்குக் காசு செலவழித்தே ஆகவேண்டுமென்றால் ஸ்நோர்கல் (கூரை உயரத்தில் காற்றை எடுக்கும் வெளிக்குழாய்) போடுங்கள். கூரை உயரத்தில் காற்று குளிர்ச்சி, புழுதியும் குறைவு. உழவு மெஷின்களின் மூக்கில் உள்ளதுபோலச் சுழற்றித் தூள் பிரிக்கும் கிண்ணத் தலையும் அதற்குக் கிடைக்கும், பில்டர் நீண்டநாள் நிற்கும். ஆனால் பெண்டருக்குள் உள்ள மூட்டையும் பெட்டியின் அடித்துளையையும் ஒழுங்காகச் சீல் செய்யாவிட்டால் மார்கழி வெள்ளத்தில் அது வெறும் அலங்காரம். பூட்டிய பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஸ்நோர்கல் வாயை உள்ளங்கையால் முழுதாக மூடுங்கள். என்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறு எங்கேயோ மூச்சு எடுக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை அந்த வாகனத்தைத் தண்ணீருக்குள் இறக்காதீர்கள்.